சின்ன ஷேக்காவுக்கு நான் தைத்த அங்கி

ஒரு சட்டையில் வலது மடிப்பு மேலே வருவதா, இடது மடிப்பு மேலே வருவதா என்பது உயிர் போகிற விஷயமா என்று கேட்பீர்கள். எனக்கு மூன்று நாள் அது உயிர் போகிற விஷயமாகத்தான் இருந்தது. சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் நெஞ்சு அடித்துக்கொண்டது. மிஷினில் உட்கார்ந்தால் கால் பெடலைத் தேடிப் போகாமல் வாசலைத் தேடிப் போனது.

என் பெயர் ஸ்டெல்லா. ஊர் கன்னியாகுமரிப் பக்கம் ஒரு கடற்கரை. துபாய் அல் குசைஸில் பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கும் யூனிட்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஊசி பிடித்து முப்பது வருஷம் ஆகிறது. யூனிட்டுக்குப் புதிதாக வருகிற பெண்கள் டீ பிரேக்கில், "எக்கா, நீங்க பேலஸுக்கு எல்லாம் தச்சீங்களாமே" என்று ஆரம்பிப்பார்கள். தங்கக் குழாயில் தண்ணீர் வருமா, சோபாவில் உட்கார விடுவார்களா என்பதுதான் அவர்களுக்குத் தெரியவேண்டியது. அதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. பயந்தது மட்டும் மறக்கவில்லை, அதைத்தான் எழுதுகிறேன்.

1. கழுத்தில் பாஸ்

இந்த யூனிட்டுக்கு முன்னால் எட்டு வருஷம் நதியா மேடத்திடம் வேலை. லெபனான்காரி. அல் குசைஸில்தான் அவருடைய தையலகமும். வாசலில் போர்டு கிடையாது. உள்ளே பன்னிரண்டு மிஷின், ஒரு பெரிய கட்டிங் டேபிள். ஓர் அறையில் போட்டோ எடுக்கிற செட்டப்பும் கம்ப்யூட்டரும். கம்ப்யூட்டரில் படங்களைச் சரிசெய்வது பினு, திருச்சூர்க்காரர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

எங்களுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு ராஜ குடும்பத்து வேலை. எந்த எமிரேட் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பெண்களும் பிள்ளைகளும் இருக்கும் பக்கத்துக்கு ஆண் டெய்லர் போக முடியாது. அதனால் அளவெடுப்பது, போட்டுப் பார்ப்பது எல்லாம் நான்தான். கழுத்தில் பாஸ் மாட்டிக்கொண்டு போவேன். போனை கேட்டிலேயே வாங்கிப் பையில் போட்டு சீல் வைத்துவிடுவார்கள். அங்கே பார்த்ததைப் பேசக்கூடாது, தைப்பதைப் படம் எடுத்து யாருக்கும் அனுப்பக்கூடாது என்பது கண்டிஷன். எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்த சிலோன்காரப் பெண் ஒரு முழம் லேஸைப் படம் எடுத்துத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தாள். லேஸ்தான், வேறொன்றும் இல்லை. மூன்றாம் நாள் விசா கேன்சல் ஆகி விமானத்தில் இருந்தாள். அவளுடைய கத்தரிக்கோல்தான் எனக்கு வந்தது.

எங்களுக்கு முக்கியமான வேலை பிள்ளைகளின் படம். வெளிநாட்டு ராஜாவோ ராணியோ வருகிறார்கள் என்றால் இரண்டு மாதம் முன்னாலேயே பேலஸ் ஆபீஸிலிருந்து தகவல் வரும். எந்தப் பிள்ளையை எந்த உடையில் நிறுத்திப் படம் எடுக்கவேண்டும், படத்தின் சட்டம் என்ன நிறம், பின்னால் திரை என்ன நிறம், எல்லாம் எழுதி வரும். பெரியவர்கள் ஒருநாளும் விருந்தாளியின் உடையைப் போடமாட்டார்கள். போட்டால் பணிந்துபோன மாதிரி. அதையே ஒரு பிள்ளை போட்டால் எல்லோருக்கும் சிரிப்பும் சந்தோஷமும். பெரியவர்களின் வாயில் வராததை எல்லாம் பிள்ளையின் தோளில் துணியாகப் போட்டு அனுப்புவார்கள், அவ்வளவுதான் விஷயம். இது புரிய எனக்கு நாலு வருஷம் ஆனது.

2. நாலு படம்

அந்த வருஷம் வரவேண்டிய விருந்தாளி கிழக்கே ரொம்பத் தூரத்தில் இருக்கிற ஒரு ராஜ குடும்பம். முந்தின வருஷமே அவர்கள் தங்கள் வீட்டுக் குட்டிப் பெண்ணின் படத்தை அனுப்பியிருந்தார்கள். அந்தப் பிள்ளைக்கு நம்ம ஊர், அதாவது இந்த ஊர், பண்டிகை உடை. தங்க ஜரிகை வைத்த தோப் என்கிற நீள அங்கி, நெற்றியில் தங்கச் சரம். தப்பு கண்டுபிடிக்கலாம் என்று நானும் உற்று உற்றுப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, கழுத்துப் பட்டியில் ஒரு நூல்கூட இடம் மாறவில்லை. யாரையோ கேட்டு, கற்று, பயபக்தியோடு தைத்திருக்கிறார்கள்.

இப்போது பதில் மரியாதை இங்கிருந்து போகவேண்டும். இந்த வீட்டு ஆறு வயதுப் பெண், நாங்கள் சின்ன ஷேக்கா என்போம், அவர்களுடைய பட்டு அங்கியைப் போட்டுப் படம் எடுக்கவேண்டும். வியாழக்கிழமை மத்தியான விருந்தில் அதே அங்கியோடு போய் அந்தப் படத்தை வந்திருக்கும் பெரிய ராணி அம்மாவிடம் கொடுக்கவேண்டும். நடுவில் இரண்டு வீட்டுக்கும் ஏதோ மனஸ்தாபம் இருந்ததாம், அது இந்த விருந்தோடு தீரவேண்டுமாம். ஆபீஸில் இருக்கும் ஹுதா அம்மா சொன்னது. ஹுதா அம்மாதான் எங்களுக்கும் பேலஸுக்கும் நடுவில் நிற்கிற ஆள். சிரித்து நான் பார்த்ததில்லை.

மாதிரிக்கு என்று நாலு படம் அனுப்பினார்கள். அந்த அங்கிக்குப் பட்டன் கிடையாது. ஒரு பக்கத்தை இன்னொரு பக்கத்தின் மேல் போர்த்தி, இடுப்பில் அகலமாக ஒரு பட்டை கட்டுவார்கள். நாலு படத்திலும் பெண் பிள்ளைகள். நாலிலும் இடது பக்கம் மேலே வந்திருந்தது.

இங்கேதான் என் கெட்டிக்காரத்தனம் வேலை செய்தது. டெய்லர் கடையில் ஒரு நாள் உட்கார்ந்தவருக்கும் தெரியும், ஜென்ட்ஸ் சட்டையில் இடது மேலே, லேடீஸ் சட்டையில் வலது மேலே. பெண் பிள்ளை உடையில் இடது மேலே வந்தால் என்ன அர்த்தம்? படம் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். செல்ஃபி எடுத்தால் அப்படித்தானே இடம் வலமாகிறது. முப்பது வருஷம் ஊசி பிடித்தவளுக்கா தெரியாது? மேடத்திடம் பெருமையாகப் போய்ச் சொன்னேன், படம் எல்லாம் திரும்பியிருக்கு மேடம், நான் லேடீஸ் சைடு மாற்றித் தைக்கிறேன் என்று. மேடமும் சபாஷ் சொன்னார். ஹுதா அம்மாவை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் நமக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே.

இன்னொன்றும் செய்தேன். ஆறு வயதுப் பிள்ளை குதிக்கும், ஓடும். போர்த்திக் கட்டின துணி முன்னால் விலகும். இந்த வீடுகளில் பிள்ளையாக இருந்தாலும் மார்பு தெரிய விலகக்கூடாது, அதில் ரொம்பக் கண்டிப்பு. அதனால் போர்த்துவதற்கு விடாமல், வலது மடிப்பை இடது மடிப்பின் மேல் வைத்துத் தைத்தே மூடிவிட்டேன். கழற்றிப் போட இடுப்போரம் ஒரு ஜிப். பார்க்கிறவருக்குப் போர்த்தின மாதிரி இருக்கும். இனி யாரும் மாற்றிப் போர்த்தவும் முடியாது.

திங்கட்கிழமை காலை பேலஸிலேயே படம் எடுத்தார்கள். சின்ன ஷேக்கா அழகாகச் சமத்தாக ஒன்றரை மணி நேரம் நின்றாள். இடது புருவத்துக்கு மேல் அவளுக்கு ஒரு சின்னத் தழும்பு, ஊஞ்சலில் அடிபட்டது. அதை பவுடர் போட்டு மறைக்கவேண்டாம் என்று அவள் அம்மா சொன்னார். பெரிய ஷேக்கா என்று நாங்கள் சொல்வது அந்த அம்மாவைத்தான். ஷூட் முடிந்ததும் அங்கியை இஸ்திரிக்கு எங்களிடமே கொடுத்து அனுப்பினார்கள்.

3. சலாலாவிலிருந்து போன்

இப்போது என் குற்றத்தைச் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை அங்கியை டம்மியில் மாட்டியபோது அது நின்ற நிலையைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. போனில் ஒரு படம் எடுத்து ரெஜினாவுக்கு அனுப்பினேன். என் சித்தி மகள், ஓமனில் சலாலாவில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். "யாருக்குன்னு கேக்காத, எப்படி இருக்கு மட்டும் சொல்லு" என்று எழுதினேன். லேஸ் படத்துக்கு ஊருக்குப் போனவளின் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு இந்த வேலையைப் பார்த்திருக்கிறேன். வாய்க்கொழுப்பு என்பார்கள், எனக்குக் கைக்கொழுப்பு.

அவளுக்கு டியூட்டி மேல் டியூட்டி. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத்தான் கூப்பிட்டாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"எக்கா, அந்த உடுப்பு செத்தவங்களுக்கா தச்சீங்க?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்னட்டி பேசுகிறாய், பச்சைப் பிள்ளைக்குத் தைத்தது என்றேன்.

அவள் மெதுவாகச் சொன்னாள். போன வருஷம் அவள் வார்டில் அந்த நாட்டு இன்ஜினியர் ஒருவர் இறந்துபோனார். உடம்பைத் துடைத்து உடுத்தும்போது இவளும் கூட நின்றாள். அவருடைய மனைவி அங்கியைப் போர்த்தியபோது வேறு ஒரு நர்ஸ் உதவிக்கு வந்து இடது பக்கத்தை மேலே போட்டாள். அந்த அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தி, வலது பக்கத்தை மேலே எடுத்துப் போட்டார்.

"உயிரோட இருக்கவங்க ஆணானாலும் பொண்ணானாலும் இடது மேலதான் உடுப்பாவளாம் எக்கா. செத்தவங்களுக்கு மட்டும்தான் வலது மேல. நீங்க அனுப்புன படத்துல வலதுல்லா மேல இருக்கு."

டம்மியில் அங்கி நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்க்க முடியாமல் ஒரு பழைய பெட்ஷீட்டை எடுத்து மூடினேன். மூடினபிறகு அது இன்னும் மோசமாக இருந்தது. பினுவிடம் போய் நாலு மாதிரிப் படத்தையும் பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன். ஒரு படத்தில் பின்னால் சுவரில் கடிகாரம் இருந்தது. எண்கள் ஒழுங்காகத்தான் இருந்தன. எந்தப் படமும் திரும்பியிருக்கவில்லை. திரும்பியிருந்தது என் மண்டைதான்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். தப்பாகத் தைத்துவிட்டேன் என்று சொன்னால் எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள். படத்தை வெளியே அனுப்பினேன் என்று சொல்லவேண்டும். சொன்னால் கேன்சல். என் கணவருக்குச் சரக்குக் கப்பலில் வேலை, குடும்ப விசா கிடையாது. மகள் ஜெனி என் விசாவில்தான் இருக்கிறாள். பிளஸ் டூ பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. நான் போனால் அவளும் போகவேண்டும், பரீட்சை அவ்வளவுதான். சொல்லாமல் விட்டால், வியாழக்கிழமை ஒரு ராஜ வீட்டுப் பிள்ளை பிணத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டு விருந்தாளிகள் முன்னால் போய் நிற்கும். அதன் பிறகு என்னைச் சும்மாவா விடுவார்கள்? இந்தப் பக்கம் போனால் பள்ளம், அந்தப் பக்கம் போனால் கிணறு.

4. பினுவின் ஒரு கிளிக்

மேடத்திடம் மட்டும் சொல்லிவிட்டேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. முகம் வெளிறிப் போய், கதவைச் சாத்திவிட்டு வந்து ஹிந்தியில் கேட்டார், உன் தங்கை, நீ, நான், பினு, வேறு யாருக்குத் தெரியும் என்று. யாருக்கும் இல்லை என்றேன்.

"அப்போ யாருக்கும் தெரியாது. கலாஸ், முடிஞ்சது. படத்தைத் திருப்பு, அங்கியைப் புதுசா தை."

திருப்புவது என்றால் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடத்தை வலமாக்குவது. பினு ஒரு கிளிக் செய்தார். வலது மடிப்பு இடது மடிப்பு ஆகிவிட்டது. பிணத்தின் உடுப்பு பிள்ளையின் உடுப்பு ஆகிவிட்டது. ஆனால் புருவத்துத் தழும்பும் இடம் மாறி வலது புருவத்துக்குப் போயிருந்தது. அவர் அதை மட்டும் அழித்து இடது புருவத்தில் வைத்தார். நாலு நிமிஷ வேலை. அப்புறம் என் பக்கம் திரும்பி, "சேச்சி, முகம்னா ரெண்டு பாதியும் ஒண்ணு இல்ல. எவ்வளவு சரி பண்ணாலும் இது வேற முகம்தான்" என்றார். மேடம் அவரைப் பேசவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அங்கிக்குச் சிக்கல் இல்லை. பேலஸ் வேலைக்கு எப்போதும் இரண்டு செட் வெட்டுவோம், ஒன்று காபி கொட்டி நாசமானால் இன்னொன்று தைக்கலாம் என்று. அந்த இரண்டாவது செட்டை எடுத்து, இடது மேலே வைத்து, அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் முடித்தேன். முப்பது வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக நான் ஒன்றும் தைத்ததில்லை. பயத்துக்கு அப்படி ஒரு கைத்திறன் இருக்கிறது. பழைய அங்கியை மேடம் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

வீட்டுக்குப் போனதும் ஜெனி என் முகத்தைப் பார்த்து, "வாட் ஹேப்பண்ட் மம்மி?" என்றாள். ஒன்றும் இல்லை, படி என்றேன். அவள் படிப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இவளுடைய பரீட்சை ஒரு மடிப்பில் தொங்குகிறது, இவளுக்குத் தெரியாது.

5. பெரிய ஷேக்கா கேட்ட கேள்வி

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு நானும் மேடமும் பேலஸுக்குப் போனோம். சட்டம் போட்ட படத்தை இரண்டு வேலைக்காரப் பெண்கள் தூக்கி வந்து சாய்த்து வைத்தார்கள். புது அங்கி என் கையில், பட்டுத் துணி சுற்றியிருந்தது. ஹுதா அம்மா பார்த்தார், தலையசைத்தார். எனக்குப் பாதி உயிர் வந்தது.

அப்போது பெரிய ஷேக்கா வந்தார். படத்தின் முன்னால் நின்றார். நின்றவர் நின்றவர்தான். கிட்டே போனார், தள்ளி வந்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். கடைசியில், படம் அழகாக இருக்கிறது, ஆனால் இது என் மகள் இல்லையே என்றார்.

மேடம் சிரித்தபடி வெளிச்சம், லென்ஸ் என்று என்னமோ சொன்னார். பெரிய ஷேக்கா மகளைக் கூப்பிட்டார். சின்ன ஷேக்கா ஓடி வந்து படத்தைப் பார்த்தாள். அவளுக்கு ஒரே சந்தோஷம். கண்ணாடியில் நான் இப்படித்தான் இருப்பேன் என்றாள்.

பெரிய ஷேக்கா மேடத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். மூன்று வருஷமாக அவர் மகளுக்கு அளவெடுக்கிறவள் நான். "ஸ்டெல்லா, இந்தப் படத்துக்கு என்ன பண்ணீங்க? நீ சொல்லு" என்றார்.

உண்மை பேசினேன் என்று என்னைத் தைரியசாலியாக நினைக்கவேண்டாம். பொய் சொல்லத்தான் தைரியம் வேண்டும். அன்றைக்கு எனக்கு அது இல்லை. எனக்குத் தெரிந்த அரபியில் உளறிக்கொட்டினேன். லேடீஸ் சைடு, ஜென்ட்ஸ் சைடு, நாலு படம், சலாலா தங்கை, செத்தவர்களின் உடுப்பு, எல்லாம். போனில் படம் அனுப்பினதையும் சொல்லிவிட்டேன். சொல்லும்போதே ஹுதா அம்மா என் கழுத்துப் பாஸைப் பார்ப்பது தெரிந்தது. மேடம் ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெரிய ஷேக்கா விருந்தாளியைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். படம் வெளியே போனதைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் அதையெல்லாம் கேட்கவில்லை.

"அந்த உடுப்புக்குள்ள என் மக எத்தனை நேரம் நின்னா?"

ஒன்றரை மணி நேரம் என்றேன். அவர் முகம் என்னமோ ஆனது. அப்படியே கீழே தரையில் உட்கார்ந்து மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். உள்ளங்கையை அவள் உச்சியில் வைத்து, உதடு மட்டும் அசைய எதையோ ஓதினார். ஓதி ஓதி அவள் முகத்தில் ஊதினார். சின்ன ஷேக்காவுக்குக் கூச்சமாக இருந்தது, நெளிந்தாள், சிரித்தாள். அவர் விடவில்லை. நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டே இருந்தோம். எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதன் பிறகுதான் எழுந்தார். திருப்பின படத்தை எடுத்துவிடச் சொன்னார். பழைய அங்கி இந்த வீட்டு வாசல்படி ஏறக்கூடாது, இன்றைக்கே துண்டு துண்டாக வெட்டிவிடு என்றார். புது அங்கியை அவரே வாங்கி, மடிப்பைத் தன் கையால் தடவிப் பார்த்து, இது சரியா என்று கேட்டார். சரி என்றேன். நிச்சயமாகத் தெரியுமா என்றார். அந்தக் கேள்விக்கு மட்டும் நான் ஆமாம் என்று சொல்லவில்லை. அந்த நாட்டு ஆளை ஒரு தடவை கேட்டுவிடலாம் ஷேக்கா என்றேன். ஹுதா அம்மா அவர்களுடைய தூதரகத்துக்குப் போன் போட்டு, உங்கள் முறைப்படி பட்டை கட்டிவிட ஒருவரை அனுப்ப முடியுமா என்று கேட்டார். அரை மணி நேரத்தில் ஒரு வயதான அம்மா வந்தார். மடிப்பைப் பார்த்தார், தலையசைத்தார், பட்டையை எடுத்து அழகாகக் கட்டினார். இரண்டு மாதம் முன்னால் ஒரு போனில் முடிந்திருக்கவேண்டிய காரியம்.

மத்தியானம் மூன்று மணிக்கு மறுபடியும் படம் எடுத்தார்கள். இந்தத் தடவை பெரிய ஷேக்கா கேமராவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இருபது நிமிஷத்துக்கு மேல் அவளை நிற்க விடவில்லை. என் பாஸை என்ன செய்வது என்று ஹுதா அம்மா கேட்டார். நாளைக்கு விருந்து முடியட்டும் என்றார் பெரிய ஷேக்கா.

6. வியாழக்கிழமை

விருந்து நடக்கிற ஹாலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. கதவில் ஹாலைப் பார்க்கிற மாதிரி மரச் சல்லடை. நூல், ஊசி, ஊக்கு, கத்தரியோடு நான் அதற்குப் பின்னால் நிற்கவேண்டும், ஏதாவது பிரிந்தால் ஓடிப்போய்த் தைக்க. ஹுதா அம்மா என் பக்கத்தில். நான் ஊசியில் நூல் கோத்துவிட்டு, கோத்தது கோத்ததுதானா என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரிய ராணி அம்மா வந்தார். எழுபது வயது இருக்கும், அதே மாதிரி அங்கி, சாம்பல் நிறத்தில். சின்ன ஷேக்கா படத்தைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். அந்த அம்மா முதலில் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. படத்தையும் பார்க்கவில்லை. அவருடைய கண் நேராகப் பிள்ளையின் கழுத்துக்குக் கீழே, மடிப்புக்குப் போனது. ஒரு மூச்சு விடுகிற நேரம் அங்கேயே நின்றது. அப்புறம் அவர் கண் மேலே ஏறி முகத்துக்கு வந்தது. சிரித்தார். அந்த வயதில் அவ்வளவு குனிந்து ஒரு ஆறு வயதுப் பிள்ளைக்கு வணக்கம் சொன்னார். இரண்டு கையாலும் படத்தை வாங்கினார்.

எதைப் பார்த்தார் முதலில் என்று ஹுதா அம்மா மெல்லக் கேட்டார். மடிப்பை என்றேன். அவர் சுவரில் கை வைத்துச் சாய்ந்துகொண்டார். அவருக்கும் பயம் இருந்திருக்கிறது, மூன்று நாளாக எனக்கு அது தோன்றவில்லை.

விருந்து முடிந்து வண்டிகள் எல்லாம் போனபிறகு ஹுதா அம்மா கை நீட்டினார். பாஸைக் கழற்றிக் கொடுத்தேன். கேட்டிலிருந்து என் போனை வரவழைத்து, ரெஜினாவுக்கு அனுப்பின படத்தை அவர் முன்னாலேயே இரண்டு போனிலும் அழிக்கவேண்டியிருந்தது. ரெஜினா அங்கிருந்து வீடியோவில் காட்டி அழித்தாள். இனி நான் பேலஸ் பக்கம் வரக்கூடாது என்றார். விசா என்று நான் ஆரம்பித்தேன். விசாவில் கை வைக்கவேண்டாம் என்று பெரிய ஷேக்கா சொல்லியிருப்பதாகச் சொன்னார். அந்த இடத்திலேயே நான் அழுதுவிட்டேன். கேட்டைத் தாண்டும்போதும் அழுதேன், செக்யூரிட்டி நேபாளி தண்ணீர் கொடுத்தான்.

ஜெனி பரீட்சை எழுதினாள். மேடம் அடுத்த மாதமே என்னைத் தன்னுடைய இன்னொரு இடமான இந்த யூனிபார்ம் யூனிட்டுக்கு மாற்றிவிட்டார். இங்கே பையன் சட்டை இடது மேலே, பெண் சட்டை வலது மேலே, ஒரு குழப்பமும் கிடையாது.

யூனிட்டுப் பெண்கள் பாடம் என்ன எக்கா என்று கேட்பார்கள். தொழிலுக்கான பாடம் ஒன்று உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரியாத ஊர்த் துணியில் ஏதாவது தப்பு மாதிரித் தெரிந்தால், திருத்தாதே, கேள். அடுத்தவர் முறையில் உன் சாமர்த்தியத்தைக் காட்டாதே. தப்பு நடந்துவிட்டால் மூடி மறைக்கிற வேலைக்குப் போகிற நேரத்தில் போய்ச் சொல்லிவிடு.

ஆனால் எனக்கு உறைத்த பாடம் அது இல்லை. செவ்வாய்க்கிழமை பத்து மணியிலிருந்து புதன்கிழமை பதினொரு மணிவரை நான் என்னென்னவோ நினைத்தேன். விசா, பாஸ், ஜெனியின் பரீட்சை, மேடம், இரண்டு ராஜ குடும்பத்தின் மனஸ்தாபம், எல்லாம் நினைத்தேன். அந்த உடுப்புக்குள் ஒரு பிள்ளை நின்றதே, அதற்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாதே என்று மட்டும் ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. எத்தனை நேரம் நின்றாள் என்று கேட்க அவள் அம்மாதான் வரவேண்டியிருந்தது. ரெஜினா போனில் சொன்ன அந்த நிமிஷமே நான் கேட்டிருக்கவேண்டிய கேள்வி. நானும் ஒரு பொம்பளப் பிள்ளையைப் பெற்றவள்தான்.